ஸ்லைடில் 6%, ஃப்ளோவில் 3%: மஜ்ஜை ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: அப்பாவுக்கு 63 வயது. ஆறு மாதமாக ஹீமோகுளோபின், வெள்ளை அணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கிக்கொண்டே வருகின்றன. எம்டிஎஸ் (மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், மஜ்ஜையில் ரத்த அணுக்கள் கோணலாக வளரும் நோய்) ஆக இருக்கலாம் என்று இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்லைடு ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் 6%, ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் 3%. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஊசியில் எடுத்த மஜ்ஜை. மனுஷன் கண்ணால் எண்ணுவதைவிட லேசர் கருவி துல்லியமாகத்தானே இருக்கும், அப்படியானால் 3% என்றே எடுத்துக்கொள்ளலாமா, ஃப்ளோவை வைத்தே எம்டிஎஸ் உண்டா இல்லையா என்று முடிவு செய்துவிட முடியாதா?

முடியாது. பிளாஸ்ட் சதவீதத்துக்கு ஸ்லைடுதான் கணக்கு. எம்டிஎஸ் உண்டா இல்லையா என்பதையும் ஃப்ளோ தனியாகச் சொல்லாது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்ப எதுக்கு அந்தக் காசைக் கட்டச் சொன்னாங்க" என்று யாரும் கோபப்பட வேண்டாம், ஃப்ளோ மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அது எதற்கான பரிசோதனை என்பது புரிந்துவிட்டால் இந்த 6-ம் 3-ம் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை என்பது தெரிந்துவிடும்.

முதலில் இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு எந்த ரத்தப் பரிசோதனையிலும் 3-க்கும் 6-க்கும் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். பிளாஸ்ட் என்பது மஜ்ஜையில் இருக்கும் இன்னும் முதிராத இளம் அணு. எல்லோருடைய மஜ்ஜையிலும் கொஞ்சம் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் எம்டிஎஸ் நோயாளிக்கு மஜ்ஜை பிளாஸ்ட் 5%-க்குக் கீழே இருந்தால் ஒரு பிரிவு, 5 முதல் 9 வரை அடுத்தது, 10 முதல் 19 வரை அதற்கும் அடுத்தது, 20 தொட்டால் பொதுவாக அதை அக்யூட் மைலாய்டு லுகேமியா, அதாவது ஏஎம்எல் என்கிறார்கள். நோயின் வேகத்தைக் கணிக்க 2012-இல் வந்த ஐபிஎஸ்எஸ்-ஆர் மதிப்பெண்ணிலும் 2-க்கு மேல் 5-க்குள் இருந்தால் 1 புள்ளி, 5 முதல் 10 வரை 2 புள்ளி. ஆக, உங்கள் அப்பாவின் இரண்டு எண்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக விழுந்திருக்கின்றன. சிகிச்சை பேச்சே மாறக்கூடிய இடம் இது. இந்தக் கோடுகள் எல்லாம் ஸ்லைடில் எண்ணிய எண்களை வைத்துப் போடப்பட்டவை என்பதால் ஃப்ளோ எண்ணைக் கொண்டுபோய் அங்கே பொருத்தக் கூடாது.

சரி, ஃப்ளோ என்ன செய்கிறது? மஜ்ஜையைத் திரவமாக எடுத்து, சிவப்பணுக்களை உப்புக் கரைசலால் உடைத்துவிட்டு (பெரும்பாலும் அமோனியம் குளோரைடு), மீதி அணுக்களோடு ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளைக் கலக்கிறார்கள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் அணுவின் மேல் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் திரவத்தை ஒரு மெல்லிய ஓட்டமாக்கி, அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் கடந்துபோகும்படி ஓட்டுகிறார்கள், நொடிக்கு ஆயிரக்கணக்கில். நேர் எதிரே சிதறும் ஒளி அணுவின் அளவைச் சொல்கிறது, பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே எவ்வளவு துகள்கள் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது, சாயங்களின் நிறம் எந்தெந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இன்றைய நோயறிதல் கருவிகளில் ஒரே அணுவில் எட்டு, பத்து நிறங்களை ஒரே நேரத்தில் அளப்பது சாதாரணம்.

இதற்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கதைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அணுக்களை வரிசையாக ஓட்டி அளப்பது வாலஸ் கூல்டரின் 1953 காப்புரிமையில் தொடங்கி, 1965-இல் லாஸ் அலமோஸில் மேக் ஃபுல்வைலர் செய்த அணுப் பிரிப்பான் வழியாக, ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்சன்பெர்க் குழு ஒளிரும் சாயத்தைச் சேர்த்தது வரை வந்த பொறியியல் கதை. இன்னொன்று 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டுபிடித்தது. அது வந்த பிறகு ஆளாளுக்கு ஆன்டிபாடி செய்து ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பிப்போனார்கள், 1982-இல் பாரிஸில் கூடி சிடி என்று எண் போட ஆரம்பித்தார்கள். இப்போது 370-க்கும் மேல் போய்விட்டது. ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்த சிடி34, சிடி117, சிடி13, சிடி33 எல்லாம் அந்த எண்கள்தான், அவற்றுக்குத் தனியாக நோய் அர்த்தம் எதுவும் கிடையாது. "எங்க அப்பாவுக்கு சிடி34 பாசிட்டிவ்னு வந்திருக்கு, பயமா இருக்கு" என்று அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான மஜ்ஜையிலும் சிடி34 உள்ள அணுக்கள் இருக்கும், இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

அணுக்களை முதலில் பிரிப்பது சிடி45 என்ற புரதத்தையும் பக்கவாட்டு ஒளியையும் வைத்து. வெள்ளை அணுக்களில் லிம்ஃபோசைட், கிரானுலோசைட், மோனோசைட் என்று வகைகள் உண்டு. லிம்ஃபோசைட்டில் சிடி45 பிரகாசமாக இருக்கும், துகள் கிடையாது. கிரானுலோசைட்டில் துகள் நிறைய. மோனோசைட் நடுவில். சிவப்பணுவின் முன்னோடிகளில் சிடி45 கிட்டத்தட்ட இருக்காது. பிளாஸ்ட்கள் சிடி45 மங்கலாக, துகள் குறைவாக ஒரு மூலையில் கூடியிருக்கும். அந்த மூலையைக் கட்டம் கட்டி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஃப்ளோ பார்ப்பவரின் வேலையில் பாதி. கட்டத்தை எங்கே போடுவது என்பது அவருடைய கையும் கண்ணும். அதனால் கருவி துல்லியம், மனிதன் தோராயம் என்ற பிரிவினை இங்கே செல்லாது.

இப்போது அந்த 3-க்கும் 6-க்கும் வருவோம். ஃப்ளோ எண் குறைந்துபோக மிகவும் சாதாரணமான காரணம் மஜ்ஜையில் ரத்தம் கலந்துவிடுவது. ஊசியை எலும்புக்குள் செலுத்தி முதல் தடவை இழுக்கும்போது வரும் அரை மில்லி, ஒரு மில்லிதான் அசல் மஜ்ஜை. அடுத்தடுத்து இழுக்க இழுக்க எலும்புக்குள் ஓடும் ரத்தம் சேர்ந்து வரும். வழக்கமாக முதல் இழுப்பை ஸ்லைடு போடுவதற்கு எடுத்துக்கொள்வார்கள், மிச்சம்தான் குழாய்க்குள் போகிறது. மூன்றாவது, நான்காவது இழுப்பு ஃப்ளோ குழாயில் விழுந்தால் பிளாஸ்ட் சதவீதம் பாதியாகக்கூட இறங்கும். இரண்டாவது காரணம், எல்லா பிளாஸ்டும் சிடி34 வைத்திருக்காது. சிடி34 உள்ளவற்றை மட்டும் எண்ணி எழுதியிருந்தால் எண் குறைவாகத்தான் வரும். வழியில் செத்துப்போன அணுக்கள், மஜ்ஜைத் துணுக்கோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டியில் நின்றுவிட்டவை எல்லாம் அதற்கு மேல்.

எண் ஏறவும் செய்யும், அதுதான் வேடிக்கை. ஸ்லைடில் 500 அணுக்களை எண்ணுகிறோம், அதில் 300 சிவப்பணு முன்னோடிகள், 20 பிளாஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு கணக்கு 4%. சிவப்பணுவை உடைக்கும் கரைசல் அந்த 300-இல் 200-ஐயும் சேர்த்துக் கரைத்துவிட்டால் 300-க்கு 20, அதாவது 6.7%. சிடி45 உள்ள அணுக்களை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் 200-க்கு 20, 10% ஆகிவிடும். ஒரே மஜ்ஜை, ஒரே 20 பிளாஸ்ட். எம்டிஎஸ் நோயாளிகள் பலருக்கு சிவப்பணு முன்னோடிகள் நிறைய இருக்கும் என்பதால் இந்தப் பிரச்சினை அங்கேதான் அதிகம் கடிக்கும். அதனால்தான் நல்ல ஃப்ளோ ரிப்போர்ட்டில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எதில் அத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். எழுதாத ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஸ்லைடில் வரும் எண்ணும் ஒன்றும் கல்வெட்டு கிடையாது. 500 அணுவில் 30 பிளாஸ்ட் எண்ணி 6% என்று எழுதினால், எண்ணிக்கைப் பிழையை மட்டும் கணக்கில் எடுத்தாலே உண்மை எண் ஏறக்குறைய 4-க்கும் 8-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணியவர் 200 அணுவோடு நிறுத்தியிருந்தால் இடைவெளி இன்னும் விரியும். உங்கள் அப்பா விஷயத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதால், இன்னொரு ஹெமட்டோபெத்தாலஜிஸ்ட் (ரத்தம், மஜ்ஜை மாதிரிகளைப் பார்க்கும் நிபுணர்) ஸ்லைடை மறுபடி எண்ணிப் பார்ப்பதும், எலும்புத் துண்டு பயாப்ஸியில் சிடி34 சாயம் போட்டுப் பார்ப்பதும் நியாயமான கோரிக்கைகள். பயாப்ஸித் துண்டில் ரத்தம் கலக்கும் சிக்கல் கிடையாது. அதே நேரம் அந்தத் துண்டு ஃபார்மலினில் போய்விட்டால் அதில் ஃப்ளோ செய்ய முடியாது, ஃப்ளோவுக்கு அணுக்கள் உயிரோடு, தனித்தனியாக வேண்டும்.

உயிரோடு என்றதும் நம்ம ஊர் பிரச்சினை ஒன்று. மஜ்ஜை உறையாமல் இருக்க ஈடிடிஏ அல்லது ஹெப்பாரின் போட்ட குழாயில் போகும். ஈடிடிஏ என்றால் 24 மணி நேரத்துக்குள் கருவிக்குப் போய்விடுவது நல்லது, 48-க்கு மேல் இழுக்கக் கூடாது. திருநெல்வேலியில் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த மஜ்ஜை கூரியரில் ஏறி, ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு அறையில் கிடந்து, திங்கள் மத்தியானம் சென்னையில் ஒரு லேபுக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? மே மாத வெயிலில் பாதி அணு செத்திருக்கும். செத்த அணு எல்லா ஆன்டிபாடியையும் கண்டபடி ஒட்டிக்கொள்ளும், இல்லாத பாசிட்டிவ் எல்லாம் தெரியும். இதற்கு பயந்து சிலர் ஐஸ்கட்டி மேல் நேராகக் குழாயை வைத்து அனுப்புவார்கள், அதுவும் தப்பு. சாதாரண அறை வெப்பத்தில், 18-லிருந்து 25 டிகிரிக்குள், சீக்கிரமாக. முடிந்தால் வாரத் தொடக்கத்தில் மஜ்ஜை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இது ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் பலன் பெரிது. ரிப்போர்ட்டில் உயிருள்ள அணுக்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எம்டிஎஸ்ஸில் ஃப்ளோ என்ன பார்க்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அக்யூட் லுகேமியாவில் மாதிரி ஒரு பெரிய கெட்ட கூட்டம் தனியாக நிற்காது. எம்டிஎஸ்ஸில் எல்லா வகை அணுக்களும் இருக்கும், ஆனால் வளர்ச்சி கோணலாகப் போயிருக்கும். கிரானுலோசைட்டில் துகள்கள் குறைந்துபோய் பக்கவாட்டு ஒளி மங்கும். முதிர முதிர சிடி13, சிடி16, சிடி11பி ஆகியவை ஒரு குறிப்பிட்ட வளைவில் ஏறி இறங்க வேண்டும், அந்த வளைவு சிதைந்திருக்கும். மைலாய்டு பிளாஸ்டில் இருக்கக் கூடாத சிடி7, சிடி5, சிடி56 தெரியலாம். சிவப்பணு முன்னோடிகளில் சிடி71-உம் சிடி36-உம் ஒரே சீராக இல்லாமல் பரந்து கிடக்கும். இதையெல்லாம் படிக்க அனுபவம் வேண்டும், லேபுக்கு லேப் வேறுபடும். அதனால் ஜப்பானின் ஒகாடா குழு எளிமையான ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது, 2009-இல். நாலே அளவுகள்: சிடி34 உள்ள மைலாய்டு பிளாஸ்ட் 2% அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, சிடி34 அணுக்களில் பி செல் முன்னோடிகள் 5% அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கிவிட்டனவா, பிளாஸ்டின் சிடி45 லிம்ஃபோசைட்டோடு ஒப்பிடும்போது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா, கிரானுலோசைட்டின் பக்கவாட்டு ஒளி குறைந்திருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால் எம்டிஎஸ் பக்கம் சாய்கிறது. பிளாஸ்ட் அதிகமில்லாத எம்டிஎஸ்ஸில் பல மையங்கள் சேர்ந்து சோதித்தபோது சுமார் 70% நோயாளிகளைப் பிடித்தது, நோய் இல்லாதவர்களில் 90%-க்கும் மேற்பட்டோரைச் சரியாக விட்டுவிட்டது. அதாவது மதிப்பெண் வந்தால் கவனிக்க வேண்டும். வரவில்லை என்பதற்காக எம்டிஎஸ் இல்லை என்று வீட்டுக்குப் போக முடியாது, பத்தில் மூன்று பேரைத் தவறவிடும் சோதனை அது.

வந்தாலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பி12 குறைபாடு எம்டிஎஸ்ஸை அப்படியே நகல் எடுத்த மாதிரி இருக்கும், ஸ்லைடிலும் சரி, ஃப்ளோவிலும் சரி. அப்பாவுக்கு பி12 நார்மல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ரத்தம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். நம்ம ஊரில் ரத்தம் குறைவு என்று போனால் முதல் நாளே பி12 ஊசியைப் போட்டுவிட்டு, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே பி12 அளவு பார்ப்பார்கள். ஊசிக்குப் பிறகு பார்த்த அளவு நார்மலாகத்தான் இருக்கும், அதற்கு அர்த்தமே இல்லை. ஃபோலேட், தாமிரச் சத்து, எச்ஐவி, மது, வால்ப்ரோயேட், மைக்கோஃபெனோலேட் மாதிரி மாத்திரைகள், வெள்ளை அணு ஏற்ற போடும் ஜிசிஎஸ்எஃப் ஊசி, கடுமையான தொற்று, இவை எல்லாமே ஃப்ளோ படத்தைக் கோணலாக்கும். ஜிசிஎஸ்எஃப் போட்டால் பிளாஸ்ட் எண்ணிக்கையே கூடும். இதெல்லாம் பரிசோதனைக் கோரிக்கைத் தாளில் எழுதி வர வேண்டிய தகவல்கள். பல தாள்களில் "பேன்சைட்டோபீனியா" (மூன்று வகை அணுவும் குறைவு) என்ற ஒரே வார்த்தைதான் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எந்த ஆன்டிபாடியைப் போடுவது?

ஃப்ளோ உண்மையிலேயே ராஜாவாக இருக்கும் இடம் அக்யூட் லுகேமியா. ஸ்லைடில் பிளாஸ்ட் 60% என்று தெரிகிறது, ஆனால் அது மைலாய்டா (கிரானுலோசைட், மோனோசைட் வம்சம்), லிம்ஃபாய்டா (லிம்ஃபோசைட் வம்சம்), லிம்ஃபாய்டு என்றால் பி-யா டி-யா என்பதைப் பல சமயம் கண்ணால் சொல்ல முடியாது, சிகிச்சையோ முழுக்க வேறு வேறு. இங்கே ஃப்ளோ சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். சிடி19, சிடி10, அணுவுக்குள்ளே சிடி79ஏ, சிடி22, டிடிடி என்றால் பி-ஏஎல்எல், அதாவது பி வகை அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. அணுவுக்குள்ளே சிடி3-உம் கூடவே சிடி7-உம் என்றால் டி பக்கம். எம்பிஓ, சிடி13, சிடி33, சிடி117 என்றால் மைலாய்டு. ரத்தத்திலேயே பிளாஸ்ட் நிறைய ஓடினால் இந்தக் கேள்விக்கு ரத்தம் போதும்.

இதில் அவசரமான ஒன்று ஏபிஎல், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. ரத்தம் உறையும் முறையே குலைந்து, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு நோயாளி முதல் சில நாட்களிலேயே இறந்துபோகக்கூடிய நோய், ஆனால் அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் லுகேமியாக்களிலேயே நன்றாகக் குணமாகிறவற்றில் ஒன்று. ஃப்ளோவில் இதன் முகம் தனி: பக்கவாட்டு ஒளி உயரத்தில், எச்எல்ஏ-டிஆர் இல்லை, சிடி34 இல்லை அல்லது மங்கல், சிடி33 ஒரே சீராகப் பிரகாசம், எம்பிஓ பலமாக. இதைப் பார்த்தவுடன் லேபிலிருந்து டாக்டருக்கு போன் போக வேண்டும், ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வந்ததுமே ஆட்ரா மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, 15-ஆம் 17-ஆம் குரோமோசோம்களின் இடமாற்றத்தை ஃபிஷ் அல்லது பிசிஆர் (PCR) என்ற மரபணுச் சோதனைகள் மூலம் பின்னால் உறுதி செய்துகொள்வார்கள். ஆர்செனிக் ட்ரையாக்சைடு மட்டுமே கொடுத்து இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியவர்களில் வேலூர் சிஎம்சி குழு முக்கியமானது, விலை கட்டுப்படியாகும் சிகிச்சை என்ற வகையில் அது நம் நாட்டுக்குப் பெரிய விஷயம். ஆனால் இங்கேயும் ஃப்ளோவின் எல்லை உண்டு. என்பிஎம்1 மரபணு மாறிய ஏஎம்எல் சிலவற்றில் சிடி34-உம் எச்எல்ஏ-டிஆரும் இல்லாமல் ஏபிஎல் மாதிரியே தெரியும். ஃப்ளோ சந்தேகத்தைக் கிளப்பும், மரபணுச் சோதனைதான் முடித்துவைக்கும்.

மல்டிபிள் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோயில் அந்தச் செல்கள் ஒரே குலத்தைச் சேர்ந்தவையா என்பதை கப்பா, லாம்ப்டா என்ற ஆன்டிபாடித் துண்டுகளை வைத்து ஃப்ளோ அழகாகக் காட்டும், சதவீதத்தை மட்டும் பெரும்பாலும் குறைத்தே சொல்லும், ஸ்லைடில் 40% என்றால் ஃப்ளோவில் 8% வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். டாராட்டுமுமாப் ஊசி போட்டவர்களுக்கு அந்த மருந்தே சிடி38-ஐ மறைத்துக்கொள்ளும், லேபுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நாள்பட்ட லிம்ஃபாய்டு நோய்களில் சிஎல்எல் (நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியா) பெரும்பாலும் ரத்தத்தை வைத்தே ஃப்ளோவில் முடிந்துவிடும். ஹேரி செல் லுகேமியாவில் மஜ்ஜை இழுத்தால் பல சமயம் வராது, அங்கேயும் ரத்தத்தில் இருக்கும் கொஞ்சம் அணுக்களில் சிடி11சி, சிடி25, சிடி103, சிடி123 நாலும் சேர்ந்து தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் இருக்கும் நோயைத் தேடுவது, எம்ஆர்டி, இன்னொரு பெரிய வேலை. குழந்தைகளின் பி-ஏஎல்எல்லில் முதல் கட்ட சிகிச்சை முடிந்ததும் பத்தாயிரம் அணுவில் ஒன்று, அதாவது 0.01%, என்ற எல்லையைத் தாண்டி நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த சிகிச்சையின் கடுமையைப் பல இடங்களில் தீர்மானிக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்க்க வாய்ப்பே இல்லை. இங்கே பெரிய சங்கடம் ஹெமட்டோகோன் எனப்படும் இயல்பான பி செல் முன்னோடிகள். கீமோவுக்குப் பிறகு மஜ்ஜை மீளும்போது, அதுவும் குழந்தைகளிடம், இவை ஏராளமாகப் பெருகும், பார்வைக்கும் லுகேமியா பிளாஸ்ட் மாதிரியே இருக்கும். எப்படிப் பிரிப்பது? ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள் அல்லவா, ஹெமட்டோகோனில் அப்படி இளசு முதல் முதிர்ந்தது வரை எல்லா நிலையும் ஒழுங்கான வரிசையில் தெரியும். லுகேமியாவில் எல்லோரும் ஒரே வகுப்பில் தேங்கி நிற்பார்கள், கூடவே சிடி58 அதிகம், சிடி38 குறைவு என்று ஏதாவது ஒரு மாறுபாடு காட்டிக்கொடுக்கும். அதனால்தான் நோய் கண்டுபிடித்த முதல் நாள் ஃப்ளோ படம் கையில் இருப்பது முக்கியம், அந்த நோயின் முகம் அதில்தான் பதிவாகியிருக்கும். சிடி19-ஐக் குறிவைக்கும் பிளினாட்டுமோமாப் மருந்தோ கார்-டி (மாற்றியமைத்த டி செல்) சிகிச்சையோ கொடுத்திருந்தால் நோய் அணு சிடி19-ஐயே உதிர்த்துவிட்டு ஒளிந்திருக்கலாம், அப்போது சிடி22, சிடி24 என்று வேறு வழியில் தேட வேண்டும். "எம்ஆர்டி நெகட்டிவ்" என்று வந்தால் மகிழ்வதற்கு முன் எத்தனை அணு ஓட்டினார்கள், எந்த அளவு வரை பார்க்க முடிந்தது என்ற வரியைத் தேடுங்கள். ரத்தம் கலந்த ஐம்பதாயிரம் அணுவில் ஒன்றும் தெரியவில்லை என்பது நெகட்டிவ் ஆகாது. இந்த ஒரு சோதனைக்காவது முதல் இழுப்பை ஃப்ளோவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளோ தேவையில்லாத இடங்களும் உண்டு. சிஎம்எல் (நாள்பட்ட மைலாய்டு லுகேமியா) நோயைக் கண்டுபிடிக்க பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுச் சோதனை போதும், அது முற்றி பிளாஸ்ட் பெருகும்போதுதான் ஃப்ளோவுக்கு வேலை. மைலோஃபைப்ரோசிஸில் மஜ்ஜை நாராகிவிடுவதால் பெரும்பாலும் திரவமாக வராது, அங்கே எலும்புத் துண்டும் ஜாக்2 போன்ற மரபணுக்களும்தான். ஏப்ளாஸ்டிக் அனீமியாவுக்கும் எலும்புத் துண்டுதான் ஆதாரம். ஆனால் அந்த நோயாளிகளுக்கும், மூன்று அணுவும் குறைந்த உங்கள் அப்பா போன்றவர்களுக்கும் பிஎன்எச் என்ற, சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடையும் நோய்க்கான ஃப்ளோ சோதனை கேட்பார்கள், அதற்கு மஜ்ஜை வேண்டாம், கையில் எடுக்கும் ரத்தம்தான் சரியான மாதிரி. ஃப்ளேர் என்ற சாயத்தை வைத்து கிரானுலோசைட்டிலும் மோனோசைட்டிலும் பார்ப்பார்கள், ரத்தம் ஏற்றியிருந்தால் சிவப்பணுவில் பார்க்கும் எண் பொய்யாகும். அப்பாவுக்கு இது செய்யவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், மஜ்ஜை காலியாகத் தெரிந்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கும் ஃப்ளோ ரிப்போர்ட். அதில் சதவீதத்தை விட்டுவிட்டு கடைசிப் பத்தியைப் படியுங்கள். பிளாஸ்டில் மாறுபட்ட புரதம் ஏதாவது இருக்கிறதா, கிரானுலோசைட் முதிர்ச்சி இயல்பா, ஒகாடா மதிப்பெண் போட்டிருக்கிறார்களா, மாதிரியில் ரத்தம் கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா. "டிம்" என்றால் அந்தப் புரதம் மங்கலாக இருக்கிறது, "பிரைட்" என்றால் வழக்கத்தைவிடப் பிரகாசம், "பார்ஷியல்" என்றால் அந்தக் கூட்டத்தில் சில அணுக்களில் மட்டும். "லுகேமியாவுக்கான ஆதாரம் இல்லை" என்று மட்டும் ஒரே வரியில் முடித்திருந்தால், அக்யூட் லுகேமியா ஆன்டிபாடிகளை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எம்டிஎஸ் கேள்வியே கேட்கப்படவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

அடுத்து டாக்டரிடம் கேட்க வேண்டியது குரோமோசோம் பரிசோதனை, அதாவது காரியோடைப், வந்துவிட்டதா என்பது. எம்டிஎஸ்ஸில் அது இல்லாமல் ஐபிஎஸ்எஸ்-ஆர் கணக்கே போட முடியாது. அதற்கு ஹெப்பாரின் குழாயில் தனி மாதிரி போயிருக்க வேண்டும், அணுக்களை வளர்த்துப் பார்ப்பதால் வாரக்கணக்கில் ஆகும். மரபணு வரிசைப் பரிசோதனையும் செய்ய முடிந்தால் 2022-இல் வந்த ஐபிஎஸ்எஸ்-எம் கணக்கும் போடலாம். எஸ்எஃப்3பி1, டிபி53 மரபணு மாற்றங்கள், 5-ஆம் குரோமோசோமின் நீண்ட கை இழப்பு ஆகியவை நோயின் பெயரையும் மருந்தையும் மாற்றக்கூடியவை, ஃப்ளோ கண்ணுக்கு அவற்றில் எதுவும் தெரியாது. இரும்புச் சாயம் போட்ட ஸ்லைடு இருக்கிறதா என்றும் கேளுங்கள், வளையமிட்ட சிடெரோபிளாஸ்ட் (இரும்பு வளையமாகப் படிந்த சிவப்பணு முன்னோடி) அதில்தான் தெரியும், பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கருத்துக்கு வேறு ஊருக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாயம் போட்ட ஸ்லைடுகள், சாயம் போடாதவை மிச்சமிருந்தால் அவை, எலும்புத் துண்டின் பாரஃபின் பிளாக், மூன்றையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளோவுக்குப் போன அணுக்கள் திரும்ப வராது, ஆனால் கருவி பதிவு செய்த எஃப்சிஎஸ் என்ற மூலக் கோப்பு லேபில் இருக்கும், பென் டிரைவில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதை வைத்து இன்னொரு நிபுணர் தானே கட்டம் போட்டு, முழுக்கத் தொடக்கத்திலிருந்து பார்க்க முடியும்.